போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்

அவளுக்குப் பயம் அதிகம். இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதையும் தொடங்க முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். படுக்கும் முன் அடுப்பின் வால்வைத் திருகிப் பார்ப்பாள். படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பாள். "விடு, உன் கைக்குப் பயந்தே அது தேஞ்சு போச்சு" என்பார் கணவர். இப்போது அவள் இல்லை. அந்த வால்வைப் பார்க்க மகள் எழுந்து போகிறாள். யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போகிறது.

அம்மா பார்த்த வேலையோ பயந்தவர்களுக்கு ஆகாதது. நான்கு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் மின்சாரத்தைக் கவனிக்கும் ஆபரேட்டர். அதற்கு முன்னால் ஒரு சலவை ஆலையில் கொதிகலன் பக்கத்தில் நின்றவள். பயம் அங்கேதான் உடம்பில் ஏறியது. ஒரு மத்தியானம் நீராவிக் குழாயில் மெல்லிய சீறல் கேட்டது. "நிறுத்திடலாமா சார்?" என்று கேட்டாள். "இந்த ஒரு சுத்து முடியட்டும்மா" என்றார் மேற்பார்வையாளர். சுற்று முடியவில்லை. பக்கத்தில் நின்ற தோழியின் கழுத்தும் கன்னமும் வெந்துபோயின. தோழி பிழைத்தாள். தோழியின் வீட்டில் அதற்குப் பிறகு கண்ணாடி மாட்டவில்லை.

அன்று படித்த பாடம் ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் நிறுத்து, யோசனையெல்லாம் அப்புறம்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் அதையே செய்தாள். டீசல் எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் நிறுத்துவாள். தண்ணீர் மோட்டார் சூடேறினால் நிறுத்துவாள். ஒரு முறை லிஃப்டில் கருகிய வாடை வருகிறது என்று நிறுத்த, இரண்டு மாடிகளுக்கு நடுவில் எலும்பு டாக்டர் மாட்டிக்கொண்டார். வாடை டாக்டர் கையிலிருந்த ரொட்டியுடையது. அன்றுதான் டீசல் மெக்கானிக் அவளுக்கு 'ஸ்டாப்பக்கா' என்று பெயர் வைத்தான். மெக்கானிக்கை எல்லோரும் 'டீசல்' என்றே கூப்பிட்டார்கள். அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

கணவர் பஸ் டிரைவர். "நான் பஸ்ஸ நிறுத்திப் பொழைக்கிறேன், இவ மெஷின நிறுத்திப் பொழைக்கிறா. எங்க குடும்பம் ஓடறது அதிசயந்தான்" என்று யார் வந்தாலும் சொல்லுவார். முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நூறாவது தடவையும் மகள் சிரித்தாள்.

டீசலின் புகையும் செலவும் பொறுக்காமல் ஆஸ்பத்திரி நிர்வாகம் எரிபொருள் மின்கலத்துக்கு மாற நினைத்தது. தீ இல்லை, எஞ்சின் இல்லை. ஒரு பக்கம் எரிவாயு போகும், மறுபக்கம் காற்று போகும்; நடுவில் இருக்கும் தகட்டில் இரண்டும் சேரும்போது மின்சாரம் வரும், கூடவே சூடும் நீரும் வரும். ஆனால் அந்த நடுத்தகட்டை எதனால் செய்வது என்பதில் வகைகள் உண்டு. எது தங்களுக்குச் சரி என்று தெரியாததால் மூன்று வகையிலும் ஒவ்வொரு பெட்டியாகச் சோதனைக்கு வாங்கினார்கள். பின்பக்கத்தில் மேடை கட்டி, கூரை போட்டு, மூன்றையும் வரிசையாக நிறுத்தினார்கள்.

பெட்டிகளோடு ஓர் இன்ஜினியர் வந்தார். எந்த வெயிலிலும் கழுத்தில் டை. அதனால் அவர் 'டை' ஆனார். முதல் நாள் நிர்வாக அறையில் திரை விரித்து, எது எவ்வளவு எரிவாயு தின்னும், எவ்வளவு மின்சாரம் தரும், எத்தனை வருஷம் உழைக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். நிர்வாகி தலையாட்டினார். பெரிய சிஸ்டர் கொட்டாவி விட்டார். நிர்வாகிக்கு முன்னால் கொட்டாவி விடும் தைரியம் தலைமை செவிலியான அவரைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

"கேள்வி இருந்தா கேளுங்க மேடம்" என்றார் டை, ஆபரேட்டரைப் பார்த்து.

"ஒண்ணே ஒண்ணு சார். நிறுத்தினா என்ன ஆகும்?"

டீசல் பின்வரிசையில் களுக்கென்று சிரித்தான். "ஆரம்பிச்சுட்டாங்கய்யா."

டை சிரிக்கவில்லை. யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போல. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதல் பெட்டிக்கு நடுத்தகடு ஒரு பிளாஸ்டிக் சவ்வு. வெதுவெதுப்பிலேயே வேலை செய்யும். போட்டதும் ஓடும், அணைத்ததும் நிற்கும், மறுபடி போட்டால் மறுபடி ஓடும். லோடு, அதாவது ஆஸ்பத்திரி இழுக்கும் மின்சாரம், ஏறினாலும் இறங்கினாலும் கூடவே ஏறி இறங்கும். ஆனால் சுத்தமான ஹைட்ரஜன்தான் குடிக்கும். சிலிண்டர் லாரியில் வர வேண்டும்.

இரண்டாவதில் பாஸ்பாரிக் அமிலம். குழாய் எரிவாயுவை உள்ளேயே பிரித்து எடுத்துக்கொள்ளும். கொதிநீரை விட இரண்டு மடங்கு சூட்டில் நிதானமாக ஓடும். நிறுத்தலாம். ஆனால் ஆறவிடக் கூடாது. காய்ச்சல்காரன் உடம்புச் சூட்டுக்குக் கீழே போனால் அமிலம் உறைந்து தகடு கெட்டுப்போகும். நிற்கும்போதும் ஹீட்டர் போட்டுக் கதகதப்பாக வைக்க வேண்டும்.

மூன்றாவது பீங்கான். உள்ளே இரும்பு செக்கச்சிவக்கும் சூடு. மூன்றிலும் குறைவாகத் தின்று அதிகமாகத் தருவது அதுதான். குழாய் எரிவாயு போதும், லாரிக்குக் காத்திருக்க வேண்டாம்.

"நிறுத்தினா?" என்றாள் அவள்.

"சூடாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆறவும் அப்படித்தான். மெதுவா ஏத்தி மெதுவா இறக்கணும். பட்டுனு நிறுத்தினா விரிசல் விழும். லோடு திடீர்னு எகிறினாலும் விழுந்தாலும் தானா நின்னுடும், அப்பவும் அதே கதைதான்." டையைத் தளர்த்திக்கொண்டார். "நிறுத்தாதீங்க மேடம். அவ்வளவுதான்."

"அக்கா, இது மெஷின் இல்ல, மாமியார்" என்றான் டீசல். "சூடாக ஒரு நாள், ஆற ஒரு நாள். நடுவுல எவன் கை வெச்சாலும் குடும்பம் ரெண்டு."

அன்றே மூன்றுக்கும் பெயர் விழுந்தது. சவ்வு 'சின்னவன்'. அமிலம் 'பெரியப்பா'. பீங்கான் 'மாமியார்'. நிர்வாகிகூடப் பிறகு கூட்டங்களில், "மாமியார் இந்த மாசம் எப்படி?" என்றுதான் கேட்டார்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நிறுத்த முடியாத ஒன்றின் பக்கத்தில் தினமும் எப்படி நிற்பது? வீட்டில் சொன்னாள். "நீதான் என்கிட்ட இத்தன வருஷம் நிக்கறியே" என்றார் கணவர்.

சில வாரங்கள் கழித்து, காலை வெயில் மேடையில் விழுந்த நேரம், மாமியார் பெட்டிக்குள் டிக், டிக் என்று சத்தம். அவள் கை யோசிக்கவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டது. அது வெளித்தகரம் வெயிலில் விரிந்த சத்தம். பட்டென்று நிறுத்தியதில் உள்ளே பீங்கான் தகடுகளில் பாதி விரிசல் விட்டிருந்தன. டை வந்து திறந்து பார்த்தார். பிறகு, "உங்க மேல தப்பு இல்ல. அவ்வளவு பெரிய பட்டன அவ்வளவு கிட்ட வெச்சது நாங்க" என்றார். புதுத் தகடுகள் வந்தன. பட்டனுக்கு மேல் ஒரு மூடி வந்தது. "ஸ்டாப்பக்காவுக்குன்னே பூட்டு செஞ்சு அனுப்பியிருக்காங்க" என்று டீசல் ஊர் முழுக்கச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் இரண்டாயிற்று. முன்பு ஓடுவதற்குப் பயந்தாள். இப்போது நிறுத்தவும் பயம். மேடையில் நிற்கும்போது கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள், யாரோ கட்டிப்போட்ட மாதிரி.

அந்த மழைக்காலத்தில் கணவருக்கு வண்டி ஓட்டும்போதே நெஞ்சு வலித்தது. பஸ்ஸை ஓரங்கட்டி, கை பிரேக் போட்டு, எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். அவளுடைய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் வாயில் குழாய் வைத்து, மூச்சு இயந்திரம் மாட்டினார்கள். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மகள் விடுதியிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவோ கீழே மேடைக்குப் போனாள். வேலை நேரம் முடிந்தும் போனாள். மேலே போனால் அந்த மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். கீழே நின்றால் அதை ஏற்றி இறக்கும் மின்சாரத்தைப் பார்க்கலாம். இரண்டில் அவளுக்குக் கொஞ்சம் குறைவாகப் பயம் தந்தது கீழேதான்.

அவர் அங்கே இருக்கும்போதே ஒரு நாள் காலையில் புயல் வந்தது. முதலில் ஊர் மின்சாரம் போனது, கம்பங்கள் சாய்ந்துவிட்டன. அடித்தளத்தில் டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. மூன்று பெட்டிகளும் அதனோடு சேர்ந்து இழுத்தன. பிறகு அடித்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. டீசல் இடுப்பு வரை நனைந்து மேலே வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லாமல் அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

"போச்சுக்கா. எஞ்சின் முழுகிடுச்சு."

சோதனைக்காகப் போட்டிருந்த இணைப்பு வழியாக ஆஸ்பத்திரியின் சுமை முழுவதும் மூன்று பெட்டிகளின் மேல் இறங்கியது. பெரியப்பா தன் பங்கை எடுத்துக்கொண்டது. மாமியார் மெல்ல மெல்ல ஏறியது. நடுவில் லிஃப்ட் கிளம்புவது, மோட்டார் நிற்பது என்று வந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் சின்னவன் தாங்கினான். விளக்குகள் ஒரு முறை மினுக்கி நிலைத்தன. அவள் உள்தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டாள்.

"அப்பா?"

"மெஷின் ஓடுதும்மா. நிக்கல."

அவள் ரிசீவரை வைக்கும்போது வாயு மணி அடித்தது.

மேடைச் சுவரில் ஒரு மீட்டர் உண்டு. காற்றில் எரிவாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும். நூறு என்றால் ஒரு பொறி போதும், வெடிக்கும். பத்தில் மணி அடிக்கும். நாற்பதைத் தொட்டால் மூன்று பெட்டிகளும் தாமாகவே நின்றுவிடும். அப்படித்தான் அமைத்திருந்தார்கள். முள் பதினான்கில் நின்றது. நின்றதா? இல்லை. பதினைந்து.

பட்டனை நோக்கி அவள் கை தானாக எழுந்தது. நிறுத்து. உடம்பு முழுக்க அந்த ஒரு சொல்தான். அதே நொடி மூன்றாம் மாடி ஞாபகம் வந்தது. எழுந்த கை அந்தரத்திலேயே நின்றது.

எது கசிகிறது? குழாய் எரிவாயுவில் நாற்றம் கலந்திருப்பார்கள். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மோந்து பார்த்தாள். வெள்ளத்தில் மிதந்த டீசல் நாற்றம் ஆஸ்பத்திரி முழுவதையும் மூடியிருந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

மணி காதைப் பிளந்தது. டையைப் போனில் பிடித்தாள். அவர் புயலில் உடைந்த ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காட்டுது?"

"பதினெட்டு. சார், எல்லாத்தையும் நிறுத்திடட்டுமா?"

"மேல எத்தன பேரு மெஷின்ல இருக்காங்க?"

அவளுக்கு ஒருவர்தான் ஞாபகத்தில் இருந்தார்.

"அக்கா," என்றார் டை. அதுவரை மேடம்தான். "மூணுல எத நிறுத்தினா திரும்ப ஓடும்? நீங்க முதல் நாள் கேட்டீங்களே, அதையே நெனைங்க. சின்னவன நிறுத்தலாம். அவனுக்கு ஒரு கெடுதலும் இல்ல. சிலிண்டர் வால்வ மூடுங்க. முள் இறங்கினா கசிவு அங்கதான். இறங்கலன்னா..."

"இறங்கலன்னா?"

"அப்ப பார்ப்போம். ஆனா இப்பவே மூடாதீங்க. அவன் தூக்கற லோடு பட்டுனு மாமியார் தலைல விழும், அவங்க நின்னுடுவாங்க. முதல்ல மாடில தேவையில்லாதத ஒண்ணொண்ணா அணைக்கச் சொல்லுங்க. ஒண்ணு அணைச்சு, கொஞ்சம் பொறுத்து, அடுத்தது. அவன் கைல ஒண்ணும் இல்லாம ஆனதும் மூடுங்க. மேல கூரை ஜன்னல் திறந்துதானே இருக்கு?"

அவள் மேலே பார்த்தாள். ஹைட்ரஜன் லேசானது, கசிந்தாலும் மேலே ஏறி வெளியே போகட்டும் என்றுதான் கூரை உச்சியில் அந்தத் திறப்பை வைத்திருந்தார்கள். காலையில் சாரல் பெட்டிகள் மேல் விழுகிறதே என்று பயந்து, அதன் மேல் தார்ப்பாய் கட்டச் சொன்னவள் அவளேதான்.

"தார்ப்பாய் போட்டிருக்கு சார்."



"எடுங்க. கத்தியால அறுங்க. இரும்பு இரும்போட உரசாம. எனக்கும் பயமாத்தான் இருக்கு அக்கா. போன வெக்காதீங்க, நான் லைன்லயே—" லைன் போய்விட்டது.

டீசல் ஏற்கெனவே ஏணியில் இருந்தான். அவள் உள்தொலைபேசியில் பெரிய சிஸ்டரைப் பிடித்தாள்.

"சிஸ்டர், சலவை மெஷின அணைங்க. கொஞ்சம் பொறுத்து சமையல் கரண்ட் அடுப்பு. அப்புறம் ஏசி ஒவ்வொண்ணா. ஒண்ணா எல்லாத்தையும் அணைச்சிடாதீங்க."

"ஏம்மா, எதுக்கும் நீ நிறுத்துன்னு ஒரே மூச்சுலதானே சொல்லுவ? இன்னைக்கு என்ன தவணை முறைல சொல்ற?"

"சிஸ்டர், கெஞ்சிக் கேக்கறேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பெரிய சிஸ்டர் ரிசீவரைக் கீழே வைக்கக்கூட நிற்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, ஓடும் செருப்பு. அறுபதை நெருங்கிய அந்த அம்மாள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

இருபத்துமூன்று.

சலவை அணைந்தது. சின்னவனின் லோடு கொஞ்சம் இறங்கியது. அவள் மீட்டருக்கும் லோடு காட்டும் திரைக்கும் நடுவில் நின்றாள். ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. எது முதலில் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. அவளால் எதையும் வேகப்படுத்த முடியாது. இருபத்தேழு. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. வெளியே மழைதான், வெறும் மழை. சமையல் அடுப்பு அணைந்தது. இருபத்தொன்பது. அவள் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன என்று பிறகு கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும், திட்டிட்டிருந்திருப்பேன்" என்றாள்.

மேலே தார்ப்பாய் கிழிந்து காற்றில் படபடத்துப் பறந்தது. மழை நேராக உள்ளே கொட்டியது. முப்பத்தொன்று. முள் அங்கே தயங்கியது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

கடைசி ஏசியும் அணைந்தது. சின்னவன் திரையில் பூஜ்யம்.

சிலிண்டர்கள் மேடையின் கோடியில், தகரத் தடுப்புக்குப் பின்னால். அங்கே போக வேண்டும். ஹைட்ரஜன் பற்றிக்கொண்டால் பகலில் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. புகை இருக்காது. தெரியாமலே உள்ளே நடந்துவிடலாம். அவளுக்குத் தோழியின் கழுத்து ஞாபகம் வந்தது.

டீசல் ஏணியிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு ஓடி, ஒரு காய்ந்த துடைப்பத்தோடு வந்தான். "பயிற்சில டை சொன்னாரே, மறந்துட்டியா? இத முன்னால நீட்டிட்டுப் போகணும். நெருப்பு இருந்தா குச்சி பத்திக்கும். குடு, நான் போறேன்."

"உன் சட்டையெல்லாம் டீசல். நீ போனா நீயே திரி."

அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி நடந்தாள். அரையடி. நின்று குச்சிகளைப் பார்த்தாள். மறுபடி அரையடி. பின்னால் டீசல், "மெதுவா, மெதுவா" என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வால்வின் முன்னாலும் துடைப்பத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். பற்றவில்லை. கையை நீட்டி வால்வைத் திருகினாள். முதலில் தவறான பக்கம் திருகிவிட்டு, பிறகு சரியான பக்கம் திருகினாள். எல்லாவற்றையும் மூடினாள். மூடியதை மறுபடி திருகிப் பார்த்தாள்.

முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பது.

இருபத்தாறு.

டீசல் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மணி ஓய்ந்தபோது மழைச் சத்தம் கேட்டது, அதுவரை மழையே இல்லாதது போல.

ஆனால் பயம் ஓயவில்லை, இடம் மாறியது. இனி ஏற்ற இறக்கத்தைத் தாங்க ஆளில்லை. பெரியப்பாவும் மாமியாரும் இப்போது தூக்கிக்கொண்டிருக்கும் சுமை இப்படியே இருக்க வேண்டும். யாராவது பெரிதாக எதையாவது போட்டால் மாமியார் நின்றுவிடும். எல்லோரும் நல்லெண்ணத்தோடு விளக்கை அணைத்தாலும் நின்றுவிடும். அவள் ஒவ்வொரு மாடிக்கும் போன் செய்தாள். எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம்.

"எதையும் போடாதீங்க. எதையும் அணைக்காதீங்க. இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

நான்கு மாடிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. ஆளில்லாத அறைகளில் விளக்குகள் எரிந்தன. அறுவை அறையில் யாரும் இல்லாத மேசைக்கு மேலே பெரிய விளக்கு எரிந்தது. ஓர் அறையில் காலியான கெட்டிலை அணைக்கத் துணியாத செவிலி, அதில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

உள்தொலைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, அப்பாவுக்கு நாடி இறங்கிட்டே போகுது. இதயத்தத் தூண்ட உள்ள ஒரு கம்பி வெக்கணுமாம். கீழ அறுவை அறைக்குக் கொண்டு போகணும். லிஃப்ட் போடுங்கறாங்க."

லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நொடிதான். மாமியாருக்கு அந்த ஒரு நொடி போதும். அது நின்றால் பெரியப்பாவால் தனியாகத் தாங்க முடியாது. மூன்றாம் மாடியில் எத்தனை மூச்சு இயந்திரங்கள், கீழே குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகள், எல்லாமே நின்றுவிடும், அடுத்த நாள் வரை.

"அம்மா? கேக்குதா?"

"முடியாதுடி."

"என்ன முடியாது? அப்பாவுக்குத்தாம்மா!"

"லிஃப்ட் கிளம்பினா எல்லாம் நின்னுடும். படியில தூக்கிட்டு வாங்க. குழாய்க்குக் கைப்பை இருக்கும், அமுக்கற பை. அத மாட்டி நீ அமுக்கு. நிறுத்தாம அமுக்கு."

"நானா?"

"நீதான்."

மறுமுனையில் அழுகையா கோபமா தெரியாத ஒரு சத்தம். பிறகு லைன் துண்டிக்கப்பட்டது. அவள் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "கையெழுத்துப் போடாம ஒரு கொலை பண்ணிட்டேன்னு நெனைச்சேன்" என்று ரொம்ப வருஷம் கழித்து ஒரே ஒரு முறை சொன்னாள்.

மேடையிலிருந்து பார்த்தால் வராந்தாவின் ஒரு ஜன்னல் தெரியும். அதில் அவர்கள் கடந்து போனார்கள். நான்கு பேர் போர்வையின் நான்கு மூலைகளையும் பிடித்துத் தூக்கி வர, டீசலும் எப்போதோ ஓடிப்போய் அதில் ஒருவனாக இருந்தான். தலைமாட்டில் மகள், குனிந்தபடி பையை அமுக்கிக்கொண்டே. கணவரின் ஒரு கை போர்வைக்கு வெளியே தொங்கியது. அது உயிருள்ள கையா என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை. பிறகு ஜன்னல் காலியாக இருந்தது.

அவளால் போக முடியாது. திரை முன்னால் ஆள் வேண்டும். சுமை ஒரு நூல் இறங்கினால் எங்கோ ஒருவன் எதையோ அணைத்துவிட்டான் என்று அர்த்தம்; போன் செய்து போடச் சொல்ல வேண்டும். அப்படி இரண்டு முறை செய்தாள். மூன்றாம் முறை அறுவை அறைக்கே போன் செய்தாள், கேட்பதற்கு. மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

எடுக்காததற்கு அவள் ஒரே ஓர் அர்த்தம்தான் எடுத்துக்கொண்டாள். எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

மழை குறைந்தது. திரையில் எண்கள் அசையாமல் இருந்தன. அவளும் அசையவில்லை. பசிக்கவில்லை, அழவும் வரவில்லை. மகளை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது, டிப்போவுக்கு யார் சொல்வது, அவருடைய நீல யூனிஃபார்ம் சட்டையை யார் துவைப்பது என்று மனம் எங்கெங்கோ போனது. ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

டீசல் வந்தான். மெதுவாக நடந்து வந்தான். அவன் அவ்வளவு மெதுவாக நடந்து அவள் பார்த்ததில்லை.

"சொல்லிடு."

"என்னத்த சொல்ல? கம்பி வெச்சாச்சு. நாடி நல்லா இருக்கு. என் தோள்பட்டைதான் போச்சு, உன் வீட்டுக்காரர் என்னா கனம்."

"அப்ப போன ஏன் யாரும் எடுக்கல?"

"நீதானே எதையும் தொடாதேன்ன? அந்தச் சின்ன சிஸ்டர் போனுக்கும் சேத்துன்னு நெனைச்சிடுச்சு. மணி அடிக்க அடிக்க எல்லாரும் அதையே பாத்துட்டு நின்னோம். யாருக்கும் எடுக்கத் தைரியம் வரல."

அவள் திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழிச்சுட்டாருக்கா" என்றான் டீசல். "வாயில குழாய் இருக்கறதால பேச முடியல. ஆனா ஒரே சைகை. அந்தப் பெரிய விளக்கு கண்ணுல அடிக்குதாம். அணைங்கடா, அணைங்கடான்னு கைய ஆட்டறார். டாக்டர் என்னைய அனுப்பினாரு, ஸ்டாப்பக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டு வான்னு. அணைக்கலாமா?"

அவள் திரையைப் பார்த்தாள். எண்கள் நிலையாக இருந்தன. ஊர் மின்சாரம் இன்னும் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்கு வெளியே அழுகை வந்தது.

"அணைக்கக் கூடாது" என்றாள். "கண்ண மூடிக்கச் சொல்லு."